ஜவ்வரிசிப் பாயசம் என்ற பெயர் எப்படி வந்தது?

ஆத்தூரில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் ஊற்றிய ஜவ்வரிசிப் பாயசத்தை வைத்து உறவுக்காரர்களுக்குள் வாக்குவாதம். ஜாவாவிலிருந்து வந்த அரிசி, அதனால்தான் ஜவ்வரிசி என்றாராம் ஒருவர். சவ்வு மாதிரி இருப்பதால் சவ்வரிசி, அதுதான் ஜவ்வரிசி ஆனது என்றாராம் இன்னொருவர். அது அரிசியே கிடையாது, வெறும் கிழங்கு மாவு, பெயரே ஏமாற்று என்று மூன்றாமவர் சொல்லிவிட்டார். பாயசம் தமிழா வடமொழியா என்ற பேச்சும் அப்புறம் சேர்ந்துகொண்டது. இதில் எது சரி என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சேலம் மாவட்டத்துத் தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடும் குடும்பத்தில் பிறந்தவன் நான். இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். ஜவ்வரிசியில் இருக்கும் 'ஜவ்வு', மலாய் மொழியின் 'சாகு' என்ற சொல். சாகு என்பது ஒரு பனை வகை, அந்தப் பனையின் மாவுக்கும் அதே பெயர். 'அரிசி' நம்முடையது. 'பாயசம்', பாலைக் குறிக்கும் 'பயஸ்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. ஆக, பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'சாகு மணி போட்டுப் பாலில் காய்ச்சியது' என்று வரும்.

இனி விளக்கம். அரிசியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் 'ஏமாற்று' என்ற குற்றச்சாட்டு அதன் மேல்தான் இருக்கிறது. தமிழில் அரிசி என்றால் நெல்லரிசி மட்டும்தான் என்று எப்போதும் இருந்ததில்லை. மூங்கிலில் விளைவது மூங்கிலரிசி. தினையை உமி நீக்கினால் தினையரிசி. ஏலக்காய்க்குள் இருக்கும் கறுப்பு விதை ஏலரிசி. நாட்டுமருந்துக் கடையில் கார்போகரிசி கேட்டால் சோறாக்கும் அரிசியைத் தரமாட்டார்கள், தோல் நோய்க்கான ஒரு விதையைத்தான் தருவார்கள். உமியோ தோலோ நீங்கிய சிறு மணி எதுவானாலும் அரிசி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கப்பலில் வந்த வெள்ளை மணியைப் பார்த்தவர்கள் அதையும் அரிசி என்றே சொன்னார்கள். அதில் யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. இந்திக்காரர்கள் இதையே சாபூதானா என்கிறார்கள். 'தானா' என்றால் தானியம், மணி. நாம் அரிசி போட்ட இடத்தில் அவர்கள் தானா போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது முன்பாதி. சவ்வு என்கிறவர்கள் சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வெந்த ஜவ்வரிசி கண்ணாடி மாதிரி ஆகி, வாயில் வழுக்கும். ஜவ்வு மிட்டாயும், ஜவ்வாக இழுக்கிறது என்ற பேச்சும் நமக்குப் பழக்கமானவை. அதனால் காது அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஆனால் கடைச் சரக்குக்குப் பெயர் வைப்பவர்கள் மூட்டையில் இருக்கும்போதே வைத்துவிடுவார்கள். மூட்டையில் இருக்கிற ஜவ்வரிசி கல் மாதிரி கடகடவென்று இருக்கும், அதில் சவ்வு எங்கே?

இந்த வழக்கைத் தீர்க்கத் தமிழுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் போதாது, பக்கத்து வீடுகளையும் எட்டிப் பார்க்க வேண்டும். தெலுங்கில் இது சக்குபிய்யம், க-வை அழுத்தாமல், ஆங்கில g போல ஒலிக்க வேண்டும். பிய்யம் என்றால் அரிசி. கன்னடத்தில் சப்பக்கி, ப-வை 'பஸ்' என்பதில் வருவது போல ஒலிக்க வேண்டும். அக்கி என்றால் அரிசி. மலையாளத்தில் சவ்வரி, அரி என்றால் அரிசி. நான்கு மொழிகளிலும் பின்பாதி அரிசிதான். முன்பாதி சக்கு, சப்பு, சவ்வு என்று ஒரே சொல்லின் வெவ்வேறு உருவமாக நிற்கிறது. தெலுங்கின் சக்குவுக்கும் நம் சவ்வுக்கும் பொருளில் எந்த உறவும் இல்லை, கன்னடத்தின் சப்புவுக்கும் இல்லை. ஆனால் 'சாகு' என்ற மூலத்தை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வந்து உட்காருகிறது. வடக்கே சாபூதானாவோடு சாகூதானா என்ற வடிவமும் வழங்குகிறது, அதில் மூலச்சொல் அப்படியே தெரிகிறது.

'கு' எப்படி 'வு' ஆகும் என்று கேட்கலாம். நாம் தினமும் செய்கிற வேலைதான் அது. போகும் என்பதைப் போவும் என்கிறோம், ஆகும் என்பதை ஆவும் என்கிறோம். சாகு சவ்வு ஆனதும் அதே வழியில்தான். சகரம் ஜகரம் ஆவதும் புதிதில்லை: சவுளி, ஜவுளி, சமுக்காளம், ஜமுக்காளம் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றைக்கும் சவ்வரிசி என்றுதான் எழுதுகிறார்கள். நம் பக்கம் ஜ நிலைத்துவிட்டது.

ஜாவாக் கதையையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். ஜாவாவிலிருந்து பிறந்திருந்தால் தெலுங்கில் சக்கு என்ற க-கரம் வரக் காரணமே இல்லை. சரக்கு வந்த திசையை அந்தக் கதை கிட்டத்தட்டச் சரியாகச் சொல்கிறது, அதற்காக அதை மதிக்கிறேன். பெயருக்கு அது மூலம் ஆகாது.

சரி, அந்தச் சாகு எப்படிப்பட்டது? மலாய்த் தீவுகளிலும் நியூகினியிலும் சதுப்பு நிலத்தில் வளரும் பனை அது. பூப்பதற்கு முன்னால் மரத்தை வெட்டிப் பிளந்து, தண்டின் நடுவில் சோறு போல இருக்கும் மென்மையான பகுதியை இடித்து நீரில் கரைத்து, படிகிற மாவை எடுப்பார்கள். நெல் விளையாத இடத்தில் அதுதான் சாப்பாடு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ரா வழியாகப் போன மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவு எடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று வியந்து சொல்லியிருக்கிறார். ஈரமாவு கப்பல் பயணம் தாங்காது, புளித்துவிடும். மணியாக உருட்டி, சூடு காட்டி, காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் இருந்த சீனத் தொழிலாளர்கள் இந்த மணி உருட்டும் வேலையைப் பெரிய ஏற்றுமதித் தொழிலாகவே நடத்தினார்கள். நம் துறைமுகங்களுக்கும் அந்தச் சரக்கு வந்தது. நோயாளிக்கும் குழந்தைக்கும் கஞ்சி காய்ச்ச நல்லது என்று பெயர் எடுத்தது. காய்ச்சலில் படுத்தால் ஜவ்வரிசிக் கஞ்சி தருகிற பழக்கம் அப்படி வந்ததுதான்.

அதே நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவில் மரவள்ளித் தோட்டங்கள் பெருகின. மரவள்ளி தென் அமெரிக்கக் கிழங்கு, போர்த்துகீசியர்கள் கடல் கடந்து கொண்டுவந்தது. அதன் மாவிலும் அதே போல மணி உருட்டலாம், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ருசியிலும் பெரிதாகத் தெரியாது. ஆகவே பனைமாவு மணிக்கு வைத்த பெயர் கிழங்குமாவு மணிக்கும் போய்ச் சேர்ந்தது, அதுவும் சேலத்தில் முதல் ஆலை வருவதற்கு வெகு காலம் முன்பே. மூன்றாமவர் சொன்ன ஏமாற்றுக்கு என் பதில் இது. பனைச்சாகு என்று சொல்லிக் கிழங்கு மணியைத் தள்ளிவிடும் வேலையை நம் ஊர்க்காரர்கள் செய்யவில்லை. உலகமே ஜவ்வரிசி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொண்ட கதை இரண்டாம் உலகப்போரோடு சேர்ந்தது. 1942 தொடக்கத்துக்குள் மலாயாவும் சிங்கப்பூரும் ஜாவாவும் ஜப்பான் கையில் போய்விட்டன. இறக்குமதி நின்றது. சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற வியாபாரி இருந்தார். கேரளத்துக்குப் போய்வந்த பழக்கத்தில் மரவள்ளி மாவு அவருக்குத் தெரியும். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880களிலேயே மரவள்ளியைப் பஞ்சத்துக்கான பயிராக ஊக்குவித்திருந்தார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவருக்கு மணி உருட்டும் தொழில் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்ததில் 1943இல் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. அதற்கப்புறம் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று ஆலைகள் பெருகின. 1981இல் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேகோசர்வ் வந்தது. ஓமலூர் சாலையில் இருக்கும் அதன் கிடங்கில் இன்றைக்கும் மூட்டைகள் ஏலம் போகின்றன. பெரும்பங்கு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று போகிறது. அங்கே விரத நாளில் தானியம் சாப்பிடக் கூடாது, சாபூதானா கிச்சடி சாப்பிடலாம்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆலையைச் சேகோ மில் என்போம், அங்கிருந்து வெளியே வருவதை ஜவ்வரிசி என்போம். சேகோ என்பது ஆங்கிலத்தின் 'சேகோ', அதற்கும் மூலம் அதே மலாய்ச் சாகுதான். ஒரு வார்த்தை கடல்வழியாக வியாபாரிகள் வாயில் தேய்ந்து ஜவ்வு ஆகி வந்தது. அதுவே ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு சேகோ ஆகி வந்தது. இரண்டும் சேலத்தில் ஒரே கூரைக்கு அடியில் இருக்கின்றன. 'சேகோ மில்லுல ஜவ்வரிசி வாங்கிட்டு வா' என்று சொல்லும்போது சாகுவை இரண்டு தரம் சொல்கிறோம்.

அந்த மணி எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அரிசி என்ற பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்பது உடனே விளங்கும். கிழங்கு லாரியில் வந்ததும் பாயிண்ட் பார்ப்பார்கள், அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று. விலை அதன்படிதான். தோல் உரித்து, கழுவி, அரைத்து, வடிகட்டினால் மாவுப்பால் ஒரு பக்கம், திப்பி ஒரு பக்கம். திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போகும். பால் தொட்டியில் தெளிந்து அடியில் மாவு கெட்டியாகப் படியும். அந்த ஈரமாவைக் கட்டி உடைத்து, தூளி போலக் கட்டிய துணியில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுவது பழைய முறை. முதலில் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். ஆட்ட ஆட்ட ஈரத்தூள் ஒன்றோடொன்று ஒட்டி, உருண்டு, கொஞ்ச நேரத்தில் தூளி முழுக்கக் கடுகு கடுகாக மணிகள் புரளும். இப்போது இயந்திரம் ஆட்டுகிறது, வேலை அதேதான். சலித்து அளவு பிரித்து, தேங்காய் எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வறுத்து, களத்தில் காயப்போடுவார்கள். வெயில் காலத்தில் ஆத்தூர் சாலையில் போகும்போது சிமெண்ட் களங்களில் வெள்ளை வெளேரென்று பரந்து கிடப்பது இதுதான். வறுக்காமல் நீராவியில் வேகவைத்துக் காயவைத்தால் நைலான் ஜவ்வரிசி. வறுத்தது மாவு ஜவ்வரிசி.

பாயசத்துக்கு நைலான்தான் பலரும் வாங்குகிறார்கள், கரையாமல் மணி மணியாக நிற்கும். எனக்கு மாவு ஜவ்வரிசியில் செய்ததுதான் பிடிக்கும், பால் தானாகக் கெட்டிப்படும். வெந்ததா என்று பார்க்க வாயில் போட வேண்டியதில்லை. ஒரு மணியைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி மறைகிற நேரம்தான் பதம். அதற்கு முன்னால் சர்க்கரையைப் போட்டுவிட்டால் புள்ளி அப்படியே நின்றுவிடும், எவ்வளவு கொதித்தாலும் மணி நடுவில் மாவாகவே இருக்கும்.

2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். கிழங்கு மாவோடு மக்காச்சோள மாவைக் கலப்பது, வெண்மைக்காக ரசாயனம் போடுவது என்று சிலர் செய்கிற காரியம்தான் உண்மையில் இந்தப் பெயருக்கு நேரும் அவமானம். மக்காச்சோள மாவு கலக்கிறவர்களால் கிழங்குக்கு விலை இறங்குகிறது, அடி வாங்குகிறவர்கள் காட்டில் குச்சி ஊன்றி மாதக்கணக்கில் காத்திருக்கும் விவசாயிகள். பெயர் ஏமாற்றா என்று கேட்பவர்கள் அந்தக் கலப்படத்தைக் கேட்கட்டும், நான் கூடவே நிற்கிறேன்.

இனி பாயசம். பயஸ் என்றால் வடமொழியில் பால். பாலில் ஆனது பாயஸம், முக்கியமாகப் பாலில் வெந்த சோறு. தசரதனின் வேள்வித் தீயிலிருந்து வந்த பாத்திரத்தில் இருந்தது பாயசம் என்று வால்மீகி சொல்வது பலருக்கும் தெரியும். வங்காளத்தில் இதுவே பாயேஷ். வடக்கே கீர் என்கிறார்களே, அது க்ஷீரம், அதற்கும் பால் என்றுதான் பொருள். ஆகக் கீரும் பாயசமும் வேறுவேறு பண்டம் என்று பிரிக்க வார்த்தையில் இடமில்லை.

தமிழில் இதற்குப் பெயர் இல்லாமல் இருந்ததா என்றால், தாராளமாக இருந்தது. ஆண்டாள் திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில் 'பாற்சோறு மூட நெய்பெய்து முழங்கை வழிவார' என்கிறாள். பாற்சோறு, பாயஸம் என்ற வடசொல்லுக்கு நேர்ச்சொல் போலவே இருக்கிறது. நாச்சியார் திருமொழியில் மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா, அதாவது பெரிய பானை, நிறைய அக்கார அடிசில் நேர்ந்துகொள்கிறாள். அக்காரம் என்றால் சர்க்கரை, அடிசில் என்றால் சோறு. அக்கார அடிசில் கோயிலில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது. பாற்சோறு என்ற சொல் பந்தியில் நிற்கவில்லை, பாயசம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பாயசம் என்று சொல்வதில் குறை ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ஆயிரம் வாய் பேசிப் பழகிய சொல்லை மாற்றி இனி எந்தப் பந்தியிலும் பரிமாற முடியாது.

அந்தச் சொல்லும் இடத்துக்கு இடம் இளகித்தான் வந்திருக்கிறது. கடலைப்பருப்புப் பாயசத்தில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேரும், மாட்டுப்பால் ஒரு சொட்டுக்கூட இல்லாமல் செய்கிற வீடுகள் இருக்கின்றன. சோறும் இல்லை, பசும்பாலும் இல்லை, ஆனாலும் பாயசம். இனிப்பாக, கரண்டியால் ஊற்றுகிற பதத்தில் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஜவ்வரிசிக்குப் பனையும் போய், பாயசத்துக்குப் பாலும் சோறும் போய், பெயர்கள் மட்டும் உறுதியாக நிற்கின்றன.

பாயசமா பாயாசமா என்று சிலர் மல்லுக்கு நிற்பார்கள். மூலத்தோடு ஒட்டுவது பாயசம். கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் நடுவெழுத்து குறில்தான். பேச்சில் நாம் நீட்டிப் பாயாசம் என்கிறோம், அது பேச்சு வழக்காக இருந்துவிட்டுப் போகட்டும். பத்திரிகையில் அச்சடிப்பதானால் ஜவ்வரிசிப் பாயசம் என்று ப் போட்டு எழுதுங்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், கிண்ணத்தில் இருக்கும் மற்றதும் இதே மாதிரி ஊர் சுற்றி வந்ததால். நெய்யில் வறுத்துப் போடும் முந்திரி, மரவள்ளியைப் போலவே பிரேசில் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. ஆனால் முந்திரி என்ற பெயர் அதற்கு முன்னால் திராட்சைக்கு இருந்தது. கொடிமுந்திரி என்றால் தமிழில் திராட்சைதான், மலையாளத்தில் வெறுமனே முந்திரி என்றாலே திராட்சை.

அப்புறம் சர்க்கரை. சேலம், தருமபுரி, கொங்குப் பக்கம் பெரியவர்கள் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள். சர்க்கரை என்று மட்டும் கேட்டால் நாட்டுச்சர்க்கரையைக் கொடுத்துவிடுவார்கள். அஸ்கா ஒரு ஊரின் பெயர். இன்றைய ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறது. 1936 வரை அந்தப் பகுதி நம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை வந்துவிட்டது, அங்கிருந்து மூட்டையில் வந்த வெள்ளைச் சர்க்கரைக்கு ஊர்ப்பெயரே நிலைத்தது. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால், பாயசத்துக்கு என்ன போட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 'ஒரு டம்ளர் ஜவ்வரிசிக்கு ஒண்ணரை டம்ளர் அஸ்கா' என்கிற மாதிரிதான் கணக்கு வரும்.